உங்க பக்கம் எப்படி?

அரக்கோணத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் இரண்டு மாஸ்டர்கள். ஒருவர் டீ போடுகிறவர். இன்னொருவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெஞ்சின் இடது ஓரம் அவருடையது. யாராவது "மாஸ்டர்" என்று குரல் கொடுத்தால் இருவரும் திரும்புவார்கள். நான் பெரியவரை 'சார்' என்று கூப்பிட்டு இந்தக் குழப்பத்திலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு காலை, இரண்டு டீக்கு 24 ரூபாய் அனுப்பப் பார்த்தேன். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை. "சர்வர் டவுன்" என்றார் வடை தின்றுகொண்டிருந்தவர். "எனக்குப் போச்சே" என்றான் பால் கேன் இறக்க வந்த பையன். எப்போ போச்சு, எந்த பேங்க் என்று அவனை இரண்டு பேர் விசாரித்தார்கள். "நாடு பூரா இல்லையாம்" என்றது பின்பக்கத்துக் குரல் ஒன்று; எங்கிருந்து தெரிந்ததோ. என்னிடம் சில்லறையும் இல்லை. கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்து என் பெயருக்கு நேராக 24 என்று எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சார் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு நாள் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் படுத்துச்சே, என் மாப்பிள்ளைக்குக்கூட ஹைதராபாத்துல போர்டிங் பாஸை பேனாவால எழுதிக் குடுத்தாங்களே, அன்னிக்கும் இப்படித்தான் ஆளாளுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

"கிட்டத்தட்ட இப்படித்தான் சார்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. இரண்டாவது டீ வந்தது.

அவர் சொன்னது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நிறுவனங்களின் கணினிகளுக்குக் காவல் மென்பொருள் தரும் அமெரிக்க நிறுவனம் கிரவுட்ஸ்ட்ரைக். அதன் 'ஃபால்கன்' என்ற காவல்காரன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் ரகம் இல்லை. விண்டோஸின் உள்ளறை வரைக்கும், கெர்னல் என்பார்களே அதுவரைக்கும், அவனிடம் சாவி உண்டு. வெளியே ஓடும் ஒரு சாதாரண மென்பொருள் தடுக்கி விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளறையில் இருப்பவன் விழுந்தால் வீடே இருண்டுவிடும். அந்த இருட்டுக்கு விண்டோஸ் அப்போது வைத்திருந்த நிறம் நீலம்.

புதுத் திருடர்களின் அடையாளங்களைச் சொல்லும் சின்னச் சின்னக் கோப்புகள் இந்தக் காவல்காரனுக்கு அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். அன்று நம் நேரம் காலை 9.39க்கு ஒன்று வந்தது. 291 என்று எண் போட்ட கோப்பு. என்ன தப்பு என்பதைச் சாருக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். "உங்க ரிஜிஸ்டர்ல 20 காலம்தான் இருக்கு. மேலேருந்து வந்த உத்தரவு 21ஆவது காலத்தைப் படின்னு சொல்லுது. நீங்க என்ன செய்வீங்க?"

"அப்படி ஒரு காலமே இல்லைன்னு திருப்பிக் கேப்பேன்."

"இந்த மென்பொருளுக்குத் திருப்பிக் கேக்கத் தெரியலை சார். ரிஜிஸ்டருக்கு வெளியே விரலை வச்சுப் படிக்கப் பாத்துச்சு. விழுந்துடுச்சு."

முன்பு வந்த கோப்புகளில் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறிதான் இருந்தது. அதனால் அதைப் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை, ஓட்டையும் தெரியவில்லை. அனுப்பும் முன் கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலும் ஒரு பிழை இருந்தது. இவையெல்லாம் பின்னால் அந்த நிறுவனமே விசாரித்து வெளியிட்ட விவரங்கள். அன்று காலையில் யாருக்கும் தெரியாது.

10.57க்குக் கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். மொத்தம் 78 நிமிடம். ஆனால் அதற்குள் விழுந்த கணினிகள் மறுபடி எழும்போதெல்லாம் அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தன. மருந்து வாசலில் நிற்கிறது, வாயைத் திறக்க ஆளில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். உலகத்து விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் இந்தக் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடியவை விமான நிறுவனம், மருத்துவமனை, வங்கி மாதிரிப் பெரிய இடங்கள். அதனால்தான் ஒரு சதவீதத்துக்கும் குறைவானது உலகம் முழுக்க மாதிரித் தெரிந்தது. நம் ஊரில் விமான நிலையங்கள்தான் பெரிய காட்சி. வங்கிகள் பெரும்பாலும் தப்பின; பத்து வங்கி, நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு தடங்கல் என்றது ரிசர்வ் வங்கி.

சாருக்கு இவ்வளவும் போதும் போலிருந்தது. எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் விஷயம்.

அந்தக் கோப்பு கிளம்பியபோது அமெரிக்காவில் இரவு. அதைச் செய்த நிறுவனத்தின் ஊரில் பெரும்பாலோர் வேலை முடிந்து வீட்டில். ஆஸ்திரேலியாவில் வெள்ளி பிற்பகல், ஆட்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். நமக்குக் கணினியை ஆன் செய்துவிட்டுக் காபி வாங்கப் போகும் நேரம். ஆக, முதலில் கூவியவர்கள் கிழக்குத் திசைக்காரர்கள். ஒவ்வொரு கணினிப் பராமரிப்புக்காரருக்கும் தெரிந்ததெல்லாம் தன் மாடியில் வரிசையாக நீலத்திரை. நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா? யாராவது தாக்குகிறார்களா? வேறு கம்பெனியிலும் இப்படியா? கிரவுட்ஸ்ட்ரைக் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது; அது வாடிக்கையாளர் கணக்குக்குள் நுழைந்தால்தான் தெரியும் பக்கம். கணினி விழுந்தவர் எந்தக் கணினியில் நுழைவார்? உள்ளே போக முடிந்தவர்கள் அதைப் படம் பிடித்து வெளியே போட்டார்கள். ரெடிட்டில் ஒரே இழையில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். இது தாக்குதல் இல்லை, எங்கள் கோப்பில் பிழை என்று அந்த நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ் எக்ஸ் தளத்தில் எழுதியபோது நமக்கு மதியம் மூன்று மணி தாண்டிவிட்டது. அதுவரை ஐந்தரை மணி நேரம் உலகம் ஒருவரையொருவர் 'உங்க பக்கம் எப்படி' என்று கேட்டே ஓடியது.

இப்படிக் கேட்டும் சொல்லியும் எழுதியவர்களை யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் கிடையாது. சொந்த ஆபீஸ் தீப்பிடித்த மாதிரி இருக்க, நடுவில் இரண்டு வரி தட்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள்.

"அது சரி," என்றார் சார். "ஆயிரம் பேர் கத்தினா அதுல எதைக் கேக்கறது?"

இதற்கு நான் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டுத் தன் கதையைச் சொன்னார். ஓடும் வண்டியில் டிரைவருக்குத் தண்டவாளத்தில் ஓர் இடத்தில் ஜெர்க் அடித்த மாதிரி இருந்தால், அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திச் சொல்ல வேண்டும். என்ன சொல்வார்? எந்தக் கிலோமீட்டர், எந்தெந்தக் கம்பத்துக்கு நடுவில், எந்த லைனில். "தண்டவாளம் உடைஞ்சிருக்குன்னு சொல்ல மாட்டான் தம்பி. அவன் அதைப் பாக்கலியே. ஜெர்க் அடிச்சுதுன்னுதான் சொல்லுவான்." அடுத்து அந்த வழியாகப் போகும் வண்டியை நிறுத்தி, டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். மெதுவாகப் போ, அந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று போய்ச் சேர்ந்ததும் சொல். இரண்டாவது டிரைவர் 'எனக்கு ஒண்ணும் தெரியலை' என்று சொன்னால் அதுவும் எழுதப்படும்.

நான் சொல்ல நினைத்த நீளமான பதில் இதற்குமேல் தேவைப்படவில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியுமா?

அன்று அந்த இழைகளில் ஓடிய வரிகளில் பாதி 'இங்கேயும் போச்சு' ரகம். அவற்றைக் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். பரப்பு எவ்வளவு என்று தெரிந்ததே அவற்றால்தான். ஒரே நேரத்தில் சிட்னியிலும் சென்னையிலும் விழுந்தது என்றால் கோளாறு உங்கள் ஸ்விட்ச் போர்டில் இல்லை. ஆனால் வேலைக்கு உதவியவை மற்ற வரிகள். 'விண்டோஸ் மட்டும்தான், மேக்கும் லினக்ஸும் ஓடுகின்றன.' 'ராத்திரி அணைத்து வைத்திருந்தவை நன்றாக இருக்கின்றன.' 'சேஃப் மோடில் உள்ளே போய் பெயரில் 291 என்று எண் உள்ள கோப்பை அழித்தேன், எழுந்துவிட்டது.' ஒவ்வொன்றும் கிலோமீட்டரும் கம்பமும் சொல்கிறது. 'எது நன்றாக இருக்கிறது' என்று எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு டீ வாங்கித் தர வேண்டும். விழுந்ததைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். விழாததைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. நோய் எங்கே என்பதைக் காட்டிக்கொடுப்பதோ பெரும்பாலும் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பதினைந்து தடவைக் கதை. யாரோ சிலர், செய்வதறியாமலோ பிடிவாதத்தாலோ, கணினியை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு ஐந்தாவது தடவை உயிர் வந்தது. சிலவற்றுக்குப் பத்தாவது தடவை. அதைச் சொன்னார்கள். கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்டே தன் மேகக் கணினிகளுக்கான அறிவிப்பில், பல தடவை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கலாம், 15 தடவை வரை ஆனதாக வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியது. இதில் மாயம் இல்லை. கணினி எழும்போது இரண்டு வேலை ஓட்டப்பந்தயம் மாதிரி நடக்கிறது: காவல்காரன் பழைய கோப்பைப் படித்து விழுவது ஒன்று, இணையம் கிடைத்துச் சரியான கோப்பு வந்து இறங்குவது ஒன்று. எப்போதாவது ஒரு தடவை இரண்டாவது முந்திவிடும். அதனால்தான் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள் என்று கிரவுட்ஸ்ட்ரைக்கும் சொன்னது. கேபிளில் இணையம் சீக்கிரம் கிடைக்கும், பந்தயத்தில் ஒரு அடி முன்னால். முதலில் கவனித்தவர்கள் காரணம் தெரிந்து சொல்லவில்லை. இத்தனை தடவை போட்டேன், எழுந்தது என்றார்கள். காரணம் அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

"வாய்தா வாங்காம உண்மையைச் சொல்லியிருக்காங்க" என்றார் சார்.

எல்லாரும் சொல்லவில்லை. பொய்யும் ஓடியது. அதற்கு முன்னால், பொய்யே இல்லாமல் தப்பாகப் போன ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சம்பவத்துக்குச் சில மணி நேரம் முன்பு, நமக்கு விடியற்காலை மூன்றரை வாக்கில், மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையில் அமெரிக்க மத்தியப் பகுதியில் ஒரு முடக்கம் தொடங்கியிருந்தது. அங்கே சில விமான நிறுவனங்களின் வண்டி நின்றது. அதற்கும் கிரவுட்ஸ்ட்ரைக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காலையில் எழுந்து கைப்பேசியைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே மூட்டை. 'மைக்ரோசாஃப்ட் படுத்துவிட்டது, விமானம் நிற்கிறது.' ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மை. சேர்த்துக் கட்டியதுதான் தப்பு. நேரத்தைப் போட்டு எழுதிய வரிகளை வைத்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

இதைப் போலவே இன்னொன்று. அதே 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கைப்பேசிச் சேவை பன்னிரண்டு மணி நேரம் முடங்கியது. 'எங்கே எது வேலை செய்யவில்லை' என்று மக்கள் அழுத்திச் சொல்லும் டவுன்டிடெக்டர் போன்ற இடங்களில் போட்டி நிறுவனங்களான வெரைசான், டி-மொபைல் பெயரிலும் புகார்கள் ஏறின. அவர்களோ எங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நடந்தது எளிது: வெரைசான்காரர் ஏடி அண்ட் டிக்காரரைக் கூப்பிட்டார், போகவில்லை, 'என் போன் வேலை செய்யவில்லை' என்று அழுத்திவிட்டார். டவுன்டிடெக்டர் செய்வது எண்ணிக்கைதான். வழக்கமாக இந்த நேரத்துக்கு வரும் புகாரைவிட இப்போது எவ்வளவு கூடுதல் என்று பார்த்துக் கொடி ஏற்றுகிறது. அலறல் எங்கே என்று காட்டும். தீ எங்கே என்று காட்டாது.

இனி பொய்கள். இவற்றில் நேரம் கழிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஒன்று அருமை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் அன்று பெரிதாக அடிபடவில்லை. 1992இல் வந்த விண்டோஸ் 3.1ஐ அது இன்னும் வைத்திருப்பதால்தான் தப்பித்தது என்று ஒருவர் எழுதினார். விளையாட்டாக எழுதியது. செய்தித் தளங்கள் சில நிஜமென்றே போட்டன. நம்பத் தோன்றுகிறதல்லவா? பழசு ஜெயித்தது என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் 'கிரவுட்ஸ்ட்ரைக்கில் எனக்கு இன்று முதல் நாள், சின்னதாக ஒரு அப்டேட் தட்டிவிட்டுக் கிளம்புகிறேன்' என்று அந்த அலுவலக வாசலில் நிற்பதுபோல் ஒட்டுப் படம் போட்டார். அவர் தொழிலே நையாண்டி என்று தெரியாதவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

சிரிக்க முடியாத வகையும் உண்டு. 'கிரவுட்ஸ்ட்ரைக் ஹாட்ஃபிக்ஸ்' என்று பெயரிட்ட ஒரு ஜிப் கோப்பு சுற்றியது. உள்ளே இருந்தது கணினியைத் தூரத்திலிருந்து கைப்பற்றும் நச்சு நிரல். உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போலி வலைத்தளங்கள் முளைத்தன. நம் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் எச்சரித்தது. தவிக்கும் நேரத்தில் 'இதோ மருந்து' என்ற குரலுக்கு எவ்வளவு இழுப்பு இருக்கும் என்று திருடனுக்குத் தெரியாதா?

"இதுக்குத்தான் பிரைவேட் நம்பர்" என்றார் சார் உடனே. அடுத்த ஸ்டேஷனிலிருந்து 'லைன் கிளியர்' என்று போனில் வந்தால் மட்டும் போதாது. அவர்கள் தங்கள் தாளில் வரிசைப்படி அடுத்து இருக்கும் இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும், இவர் அதைத் திருப்பிச் சொல்லி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒரு தடவை சொன்ன எண்ணை அடித்துவிடுவார்கள். "குரல் தெரிஞ்ச குரலாத்தான் இருக்கும். இருபது வருஷம் பழகினவனா இருப்பான். இருந்தாலும் நம்பர் இல்லாம வண்டியை விட மாட்டேன்."

இணையத்தில் அப்படித் தாள் கிடையாது. அதற்குப் பதிலாக என்ன இருந்தது? சொன்ன மருந்து என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதுதான். 'இந்த இடத்துக்குப் போ, இந்தப் பெயருள்ள கோப்பை அழி' என்பதை எவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். யாரோ முகம் தெரியாதவர் சொன்னாலும், நான்கு பேர் செய்து பார்த்து ஆமாம் என்கிறார்கள். 'இதை இறக்கி ஓட்டு' என்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. என் அக்கா மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான், சென்னையில். அன்று அவன் வைத்துக்கொண்ட விதி இதுதான்: கையால் செய்யச் சொன்னால் யோசிப்பேன், இறக்கச் சொன்னால் யோசிக்கக்கூட மாட்டேன்.

கையால் செய்வது என்றால் என்ன என்று அவனைக் கேட்க வேண்டும். அவன் கம்பெனிக் கணினிகளில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் பூட்டு. சேஃப் மோடில் உள்ளே போக, ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு மீட்புச் சாவி, 48 இலக்கம். ஆறு ஆறாக எட்டுக் கூறு. ஒரு பையன் போனில் வாசிக்க, இவன் முழங்காலிட்டுத் தட்ட, ஏழாவது கூறில் தப்பு, மறுபடி முதலிலிருந்து. ராத்திரி எட்டு மணிக்குள் விரல் மரத்துவிட்டது என்றான். ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் பராமரிப்புக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கணினிக்கு பார்கோடு ஸ்கேனர் என்பது வேகமாகத் தட்டும் ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். சாவிகளையெல்லாம் பார்கோடாக்கித் திரையில் காட்டி, சாதாரண ஸ்கேனரால் 'பீப்' என்று வாசிக்கவைத்தார்கள். பின்னால் செய்தியில் இதைப் படித்ததும் அவன் எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி: 'மாமா, எங்க ஸ்டோர் ரூம்ல நாலு ஸ்கேனர் தூங்கிக்கிட்டு இருந்துச்சு.'

எனக்குக் கோபம் ஒன்று உண்டு, அதையும் அன்று சாரிடம் கொட்டினேன். உதவிக்கு வந்த வரிகள் உதவி முடிந்த பின்னும் கிடக்கின்றன. கோப்பு திரும்ப எடுக்கப்பட்ட பிறகும், எச்சரிக்கைகள் அதே அவசரத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றின. அனுப்புகிறவர் நேரம் போடுவதில்லை. 'இப்போது' என்று எழுதுவார். அந்த 'இப்போது' மூன்று நாள் கழித்தும் 'இப்போது'தான். சேதி சொல்ல ஓடி வருகிற நூறு பேரில், 'நான் காலையில் சொன்னது சரியாகிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்று திரும்ப வந்து சொல்கிறவர் இரண்டு பேர் இருப்பார்களா? தன் வரிக்குக் கீழேயே 'சரியானது, மணி இத்தனை' என்று சேர்த்த சிலரை அன்று பார்த்தேன். பெயர்கூடத் தெரியாது.

"காஷன் ஆர்டரும் அப்படித்தான்" என்றார் சார். "போடறதுக்கு ஓடி வருவான். எடுக்கறதுக்கு நாமதான் போன் பண்ணணும்."

டம்ளரைக் கீழே வைத்தோம். அப்போது கல்லாவிலிருந்து சவுண்ட் பாக்ஸ், தூக்கத்தில் பேசுகிறவரைப் போல, "இருபத்து நான்கு ரூபாய் பெறப்பட்டது" என்றது. வடைக்காரர் எப்போதோ போயிருந்தார், பால் கேன் பையனும் போயிருந்தான். நான்தான்.

கடைக்காரர் நோட்டை எடுத்து என் பெயர்மேல் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கப் போனார். "ஒரே கோடு போதும், கீழே எழுதினது தெரியணும்" என்று சார் அவரை நிறுத்தினார். பழக்கம். பேனாவை வாங்கித் தானே ஒரு கோடு இழுத்தார், சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து ஓரத்தில் 8.52 என்று குறித்தார். இரண்டாவது டீக்கு அடுத்த வரியில் புதிதாக 24 எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.